போதும் என்று சொன்ன ஆராயிக்கா

ஆராயிக்காவைக் காப்பி காயப்போடும் களத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் நீ எப்படிப் பொறுப்பாவாய் என்று என்னைத் தேற்றியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது என் கை.

என் பெயர் இலக்கியா. ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். மஞ்சக்குட்டை போகிற சாலையில் உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். அறை ஒதுக்குவது, சமையலுக்குச் சொல்வது, வருகிறவர்களைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது. அப்படிச் சுற்றிக்காட்டப் போன இடத்தில்தான் ஆராயிக்கா பழக்கமானார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பு காப்பி வேலைக்காக மலையேறிய குடும்பம். பதினெட்டு வயதில் மாதேஷைக் கட்டிக்கொண்டு இந்த எஸ்டேட்டின் லைன் வீட்டுக்கு வந்தவர், அதன் பிறகு வேறெங்கும் குடியிருந்ததில்லை. லைன் வீடு என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே பத்துக் குடும்பங்கள். ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. முன்னால் மண் வாசல், பின்னால் சரிவு. ஆராயிக்காவுடையது ஏழாவது வீடு.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையாவது கண்டால் நின்றுவிடுவார். மிளகுக்கொடியில் சிலந்தி வலை பனித்துளியோடு தொங்கினால் நிற்பார். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தால், பறித்த பழக்கூடை இடுப்பிலேயே இருக்க, அது மரங்களை ஒவ்வொன்றாக மூடுவதைக் கடைசிவரை பார்ப்பார். ஆள்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் சத்தம் போடுவார்.

"என்ன ஆராயி, அங்க சினிமாவா ஓடுது?"

"மேகம் ஏறுதுங்க. இந்தா, வந்துட்டேனுங்க."

வேலைக்கு எல்லாரும் நேர்வழியில் போவார்கள். இவர் மட்டும் சுற்றுவழியில் போவார். அந்த வழியில் ஒரு பாறை இடுக்கில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஊதாப் பூக்கள் பூத்திருக்கும். பேர் என்னக்கா என்று கேட்டேன். "பேரு தெரியாது கண்ணு. பேரு எதுக்கு? கூப்பிட்டா வரவா போகுது?" என்று சிரித்தார்.

அவருடைய வீட்டில் பின்சுவரில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. கதவு உடைந்து, தகரம் அடித்து மூடிவைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அந்தத் தகரத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டாராம் ஆராயிக்கா. காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது பள்ளத்தாக்கு தெரியவேண்டும். குளிர்காலத்தில் பனி வீட்டுக்குள் வரும். மாதேஷ் திட்டுவார், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுப்பார். ஆனாலும் தகரத்தைத் திரும்ப அடிக்கவில்லை. மாதேஷ் நெஞ்சுச்சளி முற்றி இறந்து ஆறு வருஷமாகிவிட்டது. ஒரே மகள் மேகலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். மகளைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

எனக்கு ஆராயிக்காவோடு உட்கார்ந்திருப்பது பிடிக்கும். அந்த நாட்களில் எனக்கும் நிம்மதி, நிதானம், இருப்பதைக் கொண்டு வாழ்தல் என்றெல்லாம் படிக்கிற ஆர்வம் இருந்தது. பிடித்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். புத்தகத்தில் படிப்பதை இந்த அம்மாள் படிக்காமலேயே வாழ்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

சித்திரை மாதம் ஜீவானந்தம் என்பவர் பதினைந்து பேரோடு விடுதிக்கு வந்தார். சென்னையில் பெரிய வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, அவசரமில்லாமல் யோசித்து வாழ்வது எப்படி என்று மூன்று நாள் முகாம்கள் நடத்திக்கொண்டிருந்தார். போலி ஆள் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், எல்லாரையும் பேர் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டாம் நாள் என்னிடம், "இந்த மலையில நிஜமாவே திருப்தியா வாழற ஒருத்தரை எங்களுக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

கோடை மழை ஒன்று பெய்து, காப்பிச்செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்த நேரம். களத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஆராயிக்காவை அழைத்து, பங்களாவிலிருந்து நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். பதினைந்து பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வாழ்க்கையில என்னம்மா வேணும்?" என்று கேட்டார் ஜீவானந்தம்.

"என்னங்க வேணும்? ஊடு இருக்குது. குடிக்கக் கஞ்சி இருக்குது. காலையில எந்திரிச்சா மலை இருக்குது. இருக்கறது போதுங்க."

"வருத்தமே கிடையாதா?"

"வருத்தப்பட்டா மட்டும் வந்துருமுங்களா? இந்தா, காப்பி பூத்துருக்குது பாருங்க. மூணு நாளுதான் இருக்கும். அந்த மூணு நாளும் வேலைக்குப் போற தடமெல்லாம் கல்யாண ஊடு மாதிரி மணக்குமுங்க. அத மோந்துக்கிட்டே நடந்தா, வேற என்ன வேணும்னு எனக்குத் தோணாதுங்க. நொம்ப ஆசப்பட்டவங்களும் இதே மண்ணுக்குள்ளதான போறாங்க?"

கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் அழுதுவிட்டார்கள். நான் அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. ஜீவானந்தம் கேட்டார், அனுப்பினேன். அவர் அதை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டார். பத்து நாளில் ஐந்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஆராயிக்காவுக்கு அது பெரிய சந்தோஷம். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அஞ்சு லட்சம் பேரா! எங்கூட்டுக்காரரு ஒத்த ஆளு, அவருகூட நான் பேசறத முழுசாக் கேட்டதில்ல கண்ணு" என்றார்.

விடுதிக்கு வருகிறவர்கள் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். கூடை இடுப்பிலிருக்கப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் ஊருக்குப் போய்ப் புடவை அனுப்பினார்கள். முதலாளியின் மகன், நாங்கள் சின்ன முதலாளி என்று சொல்கிறவர், விடுதியின் விளம்பரத்திலேயே அந்த வீடியோவைச் சேர்த்துவிட்டார். ஆராயிக்காவைக் கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், கோயம்புத்தூரிலிருந்து யாரோ அனுப்பிய புடவைப் பொட்டலத்தைக் கொடுக்க லைனுக்குப் போனேன். ஏழாவது வீட்டு வாசலில் ஒரு பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அதே மூக்கு, அதே நெற்றி. மேகலா என்று தெரிந்துவிட்டது. உள்ளே ஆராயிக்கா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தார்.

"சாப்புடு சாமி. வெய்யில்ல வந்துருக்கற."

"சாப்பாட்டுக்கு வரல. உன்ற வீடியோவ எங்க கம்பெனியில அத்தன பேரும் பாத்தாங்க. சூப்பர்வைசரு என்ற மேசையாண்ட வந்து, 'உங்கம்மாவப் பாத்துக் கத்துக்க, ஓவர்டைமுன்னா எதுக்கு மூஞ்சியத் தூக்கறே'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். தப்பா ஏதும் சொல்லலியே சாமி."

மேகலா என்னைப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். பல வருஷமாக வைத்திருந்த பேச்சு அது.

"பன்னெண்டாவதுல ஆயிரத்து எழுவத்து நாலு மார்க்கு வாங்குனேன். இந்த மலையில அந்த வருஷம் நாந்தான் மொதல். பழனியம்மா டீச்சரு இதே வாசல்ல வந்து நின்னு, 'நர்சிங் படிக்க வைங்க, சேலத்துல சீட்டு கெடைக்கும், ஹாஸ்டல் இருக்குது, நான் பாத்துக்கறேன்'னாங்க. நீ என்ன சொன்னே?"

ஆராயிக்கா தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த பருக்கையைத் தள்ளினார்.

"'எங்களுக்கு இது போதுங்க டீச்சர்'னே. அடுத்த மாசம் தையல் கிளாசு, அடுத்த வருசம் கல்யாணம். நீ போதும்னியே, அது உனக்குப் போதும்னா, எனக்குப் போதும்னாம்மா?"

"பயமா இருந்துச்சு சாமி" என்றார் ஆராயிக்கா.

"என்ன பயம்?"

"ஆசப்பட்டு, அது கெடைக்காமப் போனா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு."

மேகலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலைக்கு ஏறினாள். தட்டு அப்படியே இருந்தது. மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் ஆராயிக்கா மகளைப் பற்றி என்னிடம் முழுதாகப் பேசினார். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை நாலு வருஷத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அப்போதுகூட மேகலா, ஆஸ்பத்திரியில் இருந்த நர்சு ஊசியைப் பிடித்த விதத்தைப் பார்த்து, "நானா இருந்தா இன்னும் மெதுவாப் போட்டுருப்பேன்" என்று சொன்னாளாம்.

"நான் ஆசையே வேண்டாமின்னு இருந்துட்டேன் கண்ணு. எனக்கு அது பழகிப் போச்சு. சின்னதுல எங்கப்பன்கிட்ட ஒரு பாவாடை கேட்டு மூணு தீவாளி காத்திருந்தேன். அதுக்கப்பறம் கேக்கறதையே உட்டுட்டேன். கேக்காம இருந்தா வலிக்காதில்ல? அப்பறந்தான் இந்த மேகத்தப் பாக்கறது, பூவப் பாக்கறதெல்லாம். அதுக்கு யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல பாரு."

நோட்டில் எழுதிவைத்த எந்த வாக்கியமும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆவணியில் மழை ஆரம்பித்தபோது லைன் வீடுகளின் பின்சுவரில் விரிசல் விட்டது. ஆறாவது வீட்டில் கை நுழைகிற அளவுக்கு. அந்த வீட்டுக்காரர் சென்றாயன், மருந்தடிக்கும் வேலை செய்கிறவர், நாலெழுத்துப் படித்தவர். சுவரைக் கட்டித்தரவேண்டும், கூரையை மாற்றவேண்டும் என்று ஒரு மனு எழுதினார். பத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். ஆராயிக்காவும் போட்டார். அவர் வாழ்நாளில் எதையும் கேட்டுக் கைநாட்டு வைத்தது அதுதான் முதல்முறை. சென்றாயனின் மனைவி சுகுணா ஆராயிக்காவுக்கு முப்பது வருஷத் தோழி. ஒரே நிரையில் பழம் பறிக்கிறவர்கள். சுகுணாதான் பேசிப் பேசி அவரை வைக்கவைத்தார். "மேகலா கேட்ட கேள்விக்கு இதையாவது செய்டி" என்றாராம்.

பங்களா வராந்தாவில் சின்ன முதலாளி அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். கோபப்படவில்லை, எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். மனுவைப் படித்து மடித்து வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, அந்த வீடியோவைப் போட்டு மேசைமேல் சாய்த்துவைத்தார். இருக்கறது போதுங்க என்று ஆராயிக்காவின் குரல் வராந்தாவில் கேட்டது.

"ஆராயிம்மா, நீங்களே சொல்லுங்க. இது நீங்க பேசினதுதானே?"

"ஆமாங்க. நாந்தான் பேசுனேனுங்க. ஆனா..."

"அவ்வளவுதான். உலகமே உங்களைப் பார்த்துக் கத்துக்குது. நீங்களே இப்படி மனு போடலாமா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அடுத்த சீசன் முடியட்டும். பார்ப்போம்."

எல்லாரும் ஆராயிக்காவைப் பார்த்தார்கள். அவர் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. டீத் தட்டோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். இந்த அம்மாள் சுவரைப் பற்றிப் பேசவில்லை சார், பூவைப் பற்றித்தான் பேசினார் என்று நான் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று நினைத்தேனா, மரியாதையா, தெரியவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

படி இறங்கும்போது சென்றாயன் சொன்னார்: "ஏனுங்கக்கா, உங்களுக்குப் போதும்னா உங்களோட வெச்சுக்கக் கூடாதுங்களா? எங்களுக்கும் சேத்துச் சொல்லிப்போட்டீங்களே."

"உடு, அவ என்னத்தக் கண்டா" என்று சுகுணா புருஷனை அடக்கினார். ஆராயிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு லைன் வரைக்கும் கூட்டிப்போனார்.

கார்த்திகையில் புயல் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. சேலம் போகிற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சுகுணா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது ஆறாவது வீட்டின் பின்சுவர் சரிவு மண்ணோடு உள்பக்கம் விழுந்தது. ஏழாவது வீட்டின் சன்னல் சுவரும் பாதி போனது. ஆராயிக்கா அப்போது வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பினார்.

நான் ஓடிப்போனபோது ஆராயிக்கா கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி வேண்டாம், அவள் மேல் பட்டுவிடும் என்று யாரையும் கிட்டே விடவில்லை. சுகுணாவை எடுத்தபோது உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல், ஒரு ஜீப்பில் கதவுப் பலகைமேல் படுக்கவைத்து, குப்பனூர் வழியாகச் சுற்றிச் சேலத்துக்கு இறக்கினார்கள். ஜீப்பில் சுகுணாவின் தலையை மடியில் வைத்திருந்தவர் ஆராயிக்கா. நாலாம் நாள் சுகுணா இறந்துபோனார்.

சாவு வீட்டில் சென்றாயன் ஆராயிக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. ஆராயிக்கா வந்து உட்கார்ந்தபோது எழுந்து வெளியே போனார், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் ஆராயிக்கா பங்களாவுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று சமையலறைப் பின்வாசலிலேயே நின்றார்.

"அத அழிச்சிரு கண்ணு."

என் கைபேசியில் இருந்ததை அவர் கண்முன்னால் அழித்தேன். ஜீவானந்தத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் தன் பக்கத்திலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அதை நூறு பேர் எடுத்து, பாட்டுப் போட்டு, எழுத்துப் போட்டு, தங்கள் தங்கள் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "கொட்டின பாலும்மா அது" என்றார் ஜீவானந்தம். விடுதியின் விளம்பரத்திலும் அது இருந்தது. எடுக்கச் சொல்லிச் சின்ன முதலாளியிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

"அப்ப இன்னொருக்கா எடு" என்றார் ஆராயிக்கா. "இந்தவாட்டி முழுசாச் சொல்றேன்."

விழுந்த சுவருக்கு முன்னால் நின்று பேசினார். அழவில்லை, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "எனக்குப் பூவு புடிக்குமுங்க. அதத்தான் சொன்னேனுங்க. செவுரு இடிஞ்சா சாவட்டும்னு சொல்லலீங்க. எம் புள்ள படிக்க வேண்டாம்னு சொன்னதுந் தப்புங்க. எனக்குப் பயமுங்க. பயத்த நான் போதும்னு சொல்லிட்டேனுங்க." இன்னும் ஏதேதோ சொன்னார். ஆறு நிமிஷம் ஓடியது.

ஒன்றையும் வெட்டாமல் என் பக்கத்தில் போட்டேன். ஒரு வாரத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர், யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசவைக்கிறார்கள் என்று எழுதினார். இன்னொருவர், இந்த அம்மாவின் பழைய சிரிப்புத்தான் நன்றாக இருந்தது என்று எழுதினார். அதை ஆராயிக்காவிடம் நான் சொல்லவில்லை. அவரும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று இந்தமுறை விசாரிக்கவில்லை.

தை மாதத்தில் லைன் வீடுகள் ஆபத்தானவை, எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று எஸ்டேட்டிலிருந்து சொன்னார்கள். கேட்டபோது கட்டித்தராத சுவரைக் காரணம் காட்டியே ஆட்களை வெளியேற்றினார்கள். சில குடும்பங்கள் கிளியூரில் வாடகைக்குப் போயின. சென்றாயன் கரடியூரில் தம்பி வீட்டோடு ஒட்டிக்கொண்டார். அந்த ஆறு நிமிஷ வீடியோவைப் போட்டதற்காக என்னையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லைன் இருந்த இடத்தைச் சமன் செய்து இப்போது மூன்று விருந்தினர் குடில்கள் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. பள்ளத்தாக்குப் பக்கம் முழுச்சுவரும் கண்ணாடியாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆராயிக்காவுக்குப் போக இடமில்லை. மேகலாதான் வந்து கூட்டிப்போனாள். அம்மாவைப் பார்த்து எதுவும் பேசாமல், இரண்டு மூட்டையைக் கட்டி, ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தாளாம்.

போன மாதம் திருப்பூருக்கு ஒரு வேலையாகப் போனபோது அவர்களைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசையாக வீடுகள், நடுவில் சாக்கடை. ஆராயிக்கா தரையில் உட்கார்ந்து, குவியலாகக் கிடந்த பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் கத்தரியால் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"உக்காரு கண்ணு. டீ குடிக்கறியா?"

"எப்படிக்கா இருக்கறீங்க?"

"இருக்கறேன் கண்ணு."

ஏற்காட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாக, இந்த வருஷம் மழை முன்னாலேயே வந்துவிட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். கை நிற்கவில்லை. ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் நூல் மிச்சமிருக்கிறதா என்றுதான் பார்த்தார். நான் வேறு எதற்கோ காத்திருந்தேன் போல. அவர் அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மேகலா துணி துவைத்துவிட்டு ஈரக்கையோடு வந்தாள். இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். உப்பு எங்கே, தண்ணி வந்துவிட்டதா, அந்த மாதிரி. ஆனால் அம்மாவுக்குச் சுடுதண்ணீர் விளாவி வைத்தாள், முழங்காலுக்குத் தைலம் எடுத்து வைத்தாள். அவள் தைலம் தடவுகிற விதத்தைப் பார்த்தேன். நிதானமாக, வலிக்கிற இடம் தெரிந்து தடவினாள். பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் வந்தாள்.

"அம்மா முன்னாட்டம் எதையும் பாக்கறதில்லீங்க" என்றாள். "மலையிலருந்து இறங்கறப்பக்கூடச் சன்னலோரம் உக்காரவெச்சேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்துச்சு. நான் அன்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க பேசினதுல தப்பில்லைங்க."

"தப்பில்லதானுங்க. பேசி என்ன ஆச்சு?"

வீட்டுக்குள் இன்னும் இரண்டு மூட்டை பனியன் இருக்கிறது, நாளைக் காலைக்குள் வெட்டிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் அடியில் ஓடின சாக்கடையில் எங்கிருந்தோ சாயத்தண்ணீர் கலந்திருந்தது. கரு ஊதா நிறம். வெயில் பட்ட இடத்தில் ஓரங்களில் பொன்னாக நெளிந்தது. அழகாக இருந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நின்று பார்த்தேன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போன ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சேலம் பஸ் கூட்டமாக வந்தது. ஏறிக்கொண்டேன். பவானி வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.